விளையாட்டுக்குக் கொடுத்த பணம் விளையாட்டல்ல

இணையத்தில் வாங்கிய கேம் பழுதானால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஐரோப்பாவில் 14 நாள் உரிமை ஒரே கிளிக்கில் கைநழுவும். சித்தூர், திருப்பதி நுகர்வோருக்கு அந்த உரிமையே இல்லை. ஆனால் அவர்கள் தட்டுவதற்கு வேறொரு கதவு உள்ளூரிலேயே இருக்கிறது.

‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது.’ பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வாசகம் ஆந்திர எல்லையோரத் தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் ஒருசேரப் பழக்கமானது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடைகளில் இது வேறு வேடத்தில் வருகிறது. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம், அதன் முடிவில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான். படிக்காமலே அழுத்துபவர்கள்தான் அநேகம்.

பழைய பல்கலைக்கழகமும் புதிய ஐ.ஐ.டி.யும் இருக்கும் திருப்பதி, மாணவர்களின் ஊர். அங்கே விடுதி அறையில் ஒரு மாணவர் 3,000 ரூபாய் கட்டி ஒரு கேமை இறக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பாதி ஆட்டத்தில் உறைந்து நிற்கிறது. திருப்பிக் கொடுக்க டப்பாவும் இல்லை, வட்டும் இல்லை. சண்டை போடக் கடைக்காரரும் எதிரில் இல்லை. பணம் போனது போனதுதானா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய யூனியன் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. தொலைவிலிருந்து வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லலாம் என்கிறது 2011-ல் பிறப்பிக்கப்பட்டு 2014 ஜூனில் அமலுக்கு வந்த நுகர்வோர் உரிமை உத்தரவு. ஆனால் டிஜிட்டல் சரக்குக்கு ஒரு விலக்கு உண்டு. ‘இப்போதே இறக்கித் தாருங்கள், அதனால் என் உரிமை போய்விடும் என்பதும் தெரியும்’ என்று வாங்குபவர் சம்மதித்தால், இறக்கம் தொடங்கியதும் உரிமை மறைந்துவிடும். கடைகள் அந்தச் சம்மதத்தைக் கையோடு வாங்கிவிடுகின்றன.

பழுது விஷயம் வேறு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இன்னொரு உத்தரவின்படி, சொன்னபடி வேலை செய்யாத டிஜிட்டல் சரக்கை விற்றவர் சரிசெய்து தர வேண்டும். முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ, பழுது அற்பமானதாக இல்லாதபோது பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். மனம் மாறியவருக்கு ஒரு நியாயம், ஏமாந்தவருக்கு வேறு நியாயம்.

இந்த வேறுபாட்டைக் கம்பெனிகள் தாமாகவே கற்றுக்கொள்ளவில்லை. ‘ஸ்டீம்’ என்ற கடையை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வால்வ் மீது ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-ல் வழக்குப் போட்டது. எங்களைக் கட்டுப்படுத்துவது எங்கள் ஊர்ச் சட்டம்தான் என்று வால்வ் வாதித்தது. ஃபெடரல் கோர்ட் அதை ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஜூனில், ஸ்டீம் ஒரு சலுகையை அறிவித்திருந்தது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணம் வாபஸ். இந்திய வாடிக்கையாளர்களும் இதைப் பயன்படுத்தலாம். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பழுதுகளோடு வெளிவந்தபோது சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இவையெல்லாம் கடை கொடுக்கும் சலுகைகள். சட்டம் கொடுப்பது என்ன?

மனம் மாறினால் பணம் கேட்கும் பொதுவான உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. பழுதுக்கு உண்டு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, மின் வணிகத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ‘டிஜிட்டல் பொருள்கள் உட்பட’ என்று தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்று, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது. அதே மாதம் வந்த மின் வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத சரக்குக்கும் பணம் மறுக்கக்கூடாது என்கின்றன. இந்தியாவில் அலுவலகம் இல்லாமலே இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் கம்பெனிகளும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. குறை தீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

‘நீங்கள் வாங்கியது பொருள் அல்ல, வெறும் உரிமம்’ என்பது கம்பெனிகளின் வழக்கமான பதில். இதற்கு ஆந்திரத்திலேயே ஒரு முன்கதை உண்டு. கடையில் ஆயத்தமாக விற்கும் சாஃப்ட்வேர் ‘சரக்கு’தானா என்று டாடா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் வழக்கு நடந்தது. சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று 2004 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அது வட்டில் விற்ற சாஃப்ட்வேர் பற்றிய வரி வழக்கு. இறக்கிக்கொள்ளும் கேமுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் வரி வாங்கும்போது சரக்காக இருப்பது, வாங்கியவர் புகார் சொல்லும்போது மட்டும் காற்றாகிவிடுமா என்று கேட்க இடம் தருகிறது.

புகார் கொடுக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த புதிய வசதி. பழைய சித்தூர் மாவட்டத்தில் சித்தூரில் ஒன்றும் திருப்பதியில் ஒன்றுமாக இரண்டு நுகர்வோர் மன்றங்கள் இயங்கின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மனுவை ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த ஷரத்தும் நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

எல்லைகளும் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றின் கதை வேறு. அவற்றை ஆந்திரம் 2020-லேயே தடை செய்தது. இங்கே அலுவலகம் இல்லாத கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்குவது ஒன்று, வசூலிப்பது இன்னொன்று. ஆகவே முதலில் கடையின் சொந்த வாபஸ் விதியை அதன் கெடுவுக்குள் முயன்று பார்ப்பதே புத்திசாலித்தனம். அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் கட்டிய ரசீது, பழுதைக் காட்டும் திரைப்படம், விளம்பரத்தின் நகல், கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அன்றைக்கே சேமித்து வைக்க வேண்டும். விளம்பரம் மறுநாளே மாறிவிடக்கூடும்.

3,000 ரூபாய்க்காக எவர் கோர்ட் படி ஏறப்போகிறார் என்பதுதான் விற்பவர்களின் கணக்கு. படி ஏற வேண்டாம், கேம் வாங்கிய அதே போனிலேயே மனுவும் போடலாம் என்பது திருப்பதி விடுதி அறைகளுக்குத் தெரியும்வரை அந்தக் கணக்கு தப்பாது.