காத்திருத்தலும் மருத்துவமே

"புற்றுநோய்தான், ஆயினும் இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்று மருத்துவர் கூறும்போது குடும்பம் திகைத்து நிற்கிறது. நம்மைக் கைவிட்டுவிட்டனரோ என்ற ஐயம் எழுகிறது. நோயாளி ஏற்கெனவே இதயத்திற்காக இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்பவராயின் கலக்கம் இரட்டிக்கிறது. இவ்விரண்டையும் நாம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோயை லிம்ஃபோமா என்பர். அதில் மெல்ல வளரும் வகைகள் உண்டு; ஃபாலிகுலர் லிம்ஃபோமா அவற்றுள் முதன்மையானது. கழுத்திலோ அக்குளிலோ வலியற்ற கட்டியாகத் தோன்றி ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கலாம். சிலருக்குத் தானே சுருங்குவதும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஒப்பீட்டாய்வு ஒன்று 2003-இல் வெளியாயிற்று. தொல்லை தராத நிலையில் உடனே மாத்திரை தொடங்கியவர்களும், காத்திருந்து தேவைப்பட்டபோது தொடங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காலம் வாழ்ந்தனர் என அது காட்டியது. எனவே இக்காத்திருத்தல் கண்காணிப்போடு கூடிய மருத்துவமே.

பரவிய நிலையில் இந்நோய் முற்றிலும் அகல்வது அரிது. ஆயினும் 1997-இல் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து வந்தபின் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றனர். நோய் ஓரிடத்தில் மட்டும் இருப்பின் கதிர்வீச்சால் நலமடைவோரும் உண்டு. காய்ச்சல், இரவில் மிகு வியர்வை, உடல் மெலிவு, கட்டி விரைந்து பெருத்தல் ஆகியவை தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்; சிலரிடம் நோய் வேகமாக வளரும் வகையாக மாறக்கூடும்.

இனி, இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை. "புற்று இருக்கிறதே, இரத்தம் கசியுமே" என்று அஞ்சி அதைத் தாமே நிறுத்துவோர் உளர். இது பேராபத்து. செயற்கை வால்வு பொருத்தியவர் வார்ஃபாரினை நிறுத்தினால், உறைந்த இரத்தக்கட்டி மூளையை அடைத்துப் பக்கவாதம் வரலாம். புற்றுநோயும் இரத்தம் உறையும் போக்கை மிகுவிக்கிறது. கட்டியில் சதைத்துணுக்கு எடுக்குமுன் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

புற்றுநோய் மருந்துகள் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கலாம். அவை 50,000-க்குக் கீழ் இறங்கினால் உறையாமை மாத்திரையின் அளவை மருத்துவர்கள் மறுபடி ஆராய்வர். சில மெதுவான வகைகளுக்குத் தரப்படும் இப்ரூட்டினிப், இரத்தக் கசிவையும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பையும் உண்டாக்கக்கூடும். ஆகவே இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒருவர் தரும் மருந்தை மற்றவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. உண்ணும் மருந்துகளையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதி இருவரிடமும் காட்டுங்கள். வலிக்கென்று கடையில் ஆஸ்பிரினோ வேறு மாத்திரையோ தாமே வாங்கி உண்ணல் ஆகாது. வார்ஃபாரின் உண்போர் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரே அளவாக உண்டால் போதும். கறுத்த மலம், நில்லாத ஈறுக் கசிவு, தலையில் அடி ஆகியவை நேரின் உடனே மருத்துவமனை செல்க.

வீட்டாருக்கு ஒரு சொல். காத்திருக்கும் நோயாளி பெரும்பாலும் உழைக்கவும், பேரக்குழந்தைகளைப் பேணவும், திருப்பலிக்கு நடந்து வரவும் வல்லவர். நாள்தோறும் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பெருமூச்செறிந்து, இன்றே மரணப்படுக்கையில் கிடப்பவராக அவரை நடத்தாதிருப்போம்.