டிரெய்லர் இழுக்கப் பழைய டிராக்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கொங்கு நாட்டில் எதைப் பயிரிட்டாலும், விளைந்ததைத் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டு வருவது ஒரு தனிப் பாடு. சத்தியமங்கலம், அப்பக்கூடல் பக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு, ஈரோட்டு மண்டிக்குப் போகும் மஞ்சள் மூட்டை, பொள்ளாச்சி பக்கம் களத்துக்குப் போகும் தேங்காய் ஆகியவற்றில் பெரும்பகுதி டிராக்டர் டிரெய்லரில்தான் நகர்கிறது. திரும்பி வரும்போது எரு, வண்டல், உர மூட்டை. ஒரு காலத்தில் காங்கயம் காளைகள் செய்த வேலை இது. சிறு தோட்டத்துக்கு உழவு வேலை வருடத்தில் சில நாட்களே. பாரம் இழுக்கும் வேலையோ வாரந்தோறும் வரும். ஆகவே உழவை வாடகை வண்டியில் முடித்துக் கொண்டு, பாரத்துக்கென்று ஒரு பழைய டிராக்டரை வாங்கிப் போடலாம் என்று எண்ணுவோர் பலர். எண்ணம் சரியானதே. ஆனால் அப்படி வாங்கப் போகிறவர்கள் வண்டியைச் சோதிக்கும் முறைதான் பல சமயம் சரியில்லை.

வழக்கமாக நடப்பது என்ன? என்ஜினைக் கிளப்பிச் சத்தம் கேட்கிறார்கள். கொக்கிக் கலப்பையைப் பூட்டி இரண்டு சால் ஓட்டிப் பார்க்கிறார்கள். நன்றாக உழுதால் முன்பணம் கொடுத்து விடுகிறார்கள். நன்றாக உழும் வண்டி நன்றாக இழுக்கும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. இழுத்த பாரத்தை அது நிறுத்துமா என்பது வேறு கேள்வி. பாரத்துக்கு வாங்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

உழவு வேறு, பாரம் வேறு

டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக் அமைப்பும் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1920களில் உருவாக்கிய முறையை ஒட்டியவை. அதன் சூட்சுமம் இதுதான்: கலப்பையின் எடையும், மண் அதை எதிர்த்துப் பிடிக்கும் விசையும் டிராக்டரின் பின் சக்கரங்களைத் தரையில் அழுத்துகின்றன. மண் இறுக இறுக, பிடிப்பும் கூடுகிறது. இதனால்தான் எடை குறைந்த டிராக்டரும் ஆழ உழுகிறது.

டிரெய்லருக்கு இந்த உதவி அவ்வளவாக இல்லை. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரம் முழுவதையும் தன் சக்கரங்களிலேயே தாங்குகிறது. இரு சக்கர டிரெய்லரில் ஒரு பங்கு பாரம் டிராக்டரின் கொக்கியில் உட்காருவதால் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். ஆனால் முன் சக்கரம் இலேசாகும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். டிரெய்லரின் சொந்த எடை 1 டன், ஏற்றிய பாரம் 4 டன், ஆக 5 டன். சமதளமான தார் ரோட்டில் இதை உருட்டிச் செல்ல ஏறக்குறைய 100 கிலோ இழுவை போதும். அதையே தோட்டத்து இட்டேரியில் இழுக்க 300 கிலோ வேண்டும். இருபது அடிக்கு ஓரடி உயரும் மேடு குறுக்கிட்டால் இன்னும் 250 கிலோ கூடும். ஆக 550 கிலோ. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மேட்டை ஏற, டிராக்டர் தன்னையே ஏற்றிக் கொள்வதையும் சேர்த்து, 15 குதிரைத்திறன் போதுமானது. 35 குதிரைத்திறன் வண்டியால் இது முடியும். ஆனால் அத்தகைய வண்டியின் பின் சக்கரங்களில் நிற்கும் எடை 1,200 கிலோ அளவுதான். பொலபொலப்பான மண்ணில் அதில் பாதியளவு இழுவைகூடச் சிரமப்பட்டுத்தான் கிடைக்கும். என்ஜின் திணறாமலே சக்கரம் சுழன்று நின்ற இடத்தில் குழி பறிப்பது இதனால்தான். ஆகவே 35-க்குப் பதிலாக 45 குதிரைத்திறன் என்று கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன், அந்த வண்டி எடையிலும் கூடுதலா, பின் டயரின் கட்டை தேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

நிறுத்துவதில்தான் ஆபத்து

நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உண்டு. பட்டறைகளில் செய்து வாங்கும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. மேலே சொன்ன 5 டன் டிரெய்லரையும் 1.8 டன் டிராக்டரையும் சேர்த்தால் 6.8 டன். அவ்வளவையும் பிடித்து நிறுத்துவது 1,200 கிலோ எடை நிற்கும் இரண்டு சக்கரங்கள்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் போய்க்கொண்டிருந்தால், நல்ல பிரேக் அதை 25 அடி அளவில் நிறுத்தி விடும். அந்த டிரெய்லரோடு போனால் சமதளத்தில் ஏறக்குறைய 75 அடி வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற இறக்கத்தில் 145 அடி. இது காய்ந்த தார் ரோட்டுக்கும், பழுதில்லாத பிரேக்குக்கும் போட்ட கணக்கு. ஓட்டுநர் கண்டு காலை அழுத்துவதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. பிரேக் அரை குறையாக இருந்தாலோ, மழை தூறியிருந்தாலோ, கரும்பு 4 டன்னுக்குப் பதில் 7 டன் ஏற்றியிருந்தாலோ எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கரும்பு வெட்டுக் காலத்தில் இறக்கத்திலும் வளைவிலும் டிராக்டர்கள் கவிழ்வதற்கு ஓட்டுநரின் அவசரத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது.

எனவே விலை பேசுமுன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். வயலில் திரும்பும் வசதிக்காக டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. ரோட்டில் ஓடும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாள் இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்தத் தாழ்ப்பாள் கழன்று தொலைந்திருக்கும். விற்பவர் அதை ஒரு குறையாகவே எண்ணமாட்டார். தாழ்ப்பாள் இல்லாமல் பாரத்தோடு போகும்போது ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் மறுபக்கம் தள்ளும். தாழ்ப்பாளைப் போட்டு, மண் தரையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பட்டென்று பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் நின்று, ஒரே நீளத்துக்கு மண்ணைக் கோடு கீறியிருக்க வேண்டும். ஒரு கோடு நீண்டும் மற்றது குறுகியும் இருந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக்கைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதும் இங்கே முக்கியம். கோபி பக்கத்து வாய்க்கால் பாசனத்திலோ, காவிரிக் கழிமுகத்திலோ இரும்புச் சக்கரம் மாட்டி நெல் வயலில் சேறடித்த வண்டி மலிவாக வரும். சேற்றுநீர் அச்சின் ஆயில் சீலைக் கெடுத்திருக்கும். சீல் போனால் ஆயில் பிரேக்குக்குள் கசியும். உலர் பிரேக் உள்ள வண்டியில் ஆயில் பட்ட லைனிங் பிடிக்காது. கழுவிப் போட்டாலும் நிலைக்காது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. பின் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் துடைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். வண்டியைச் சுத்தமாகக் கழுவி, பெயிண்டும் அடித்து நிறுத்தியிருந்தால் அரை நாள் ஓட்டிய பிறகு துடைத்துப் பார்க்க வேண்டும்.

கிளட்சும் கியரும்

இறக்கத்தில் பாதிப் பிரேக் என்ஜினிலேயே இருக்கிறது. ஏறும்போது போட்ட கியரிலேயே, அல்லது அதற்கும் கீழே போட்டு இறக்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குவது நம்மவர்களிடம் பரவியிருக்கும் ஒரு கெட்ட பழக்கம். பிரேக் மிதிக்கும்போதே கிளட்சையும் அழுத்துவது அதற்குச் சளைத்ததல்ல. ஆனால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்து விடும் வண்டியாக இருந்தால், ஓட்டுநர் எவ்வளவு நல்ல பழக்கம் உள்ளவராயினும் பயனில்லை. கியர்ப் பல் தேய்ந்த வண்டி மேட்டில் ஏறும்போது நழுவாது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் நழுவும். ஆகவே இறக்கம் ஒன்றில் ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பார்க்க வேண்டும். சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தெரியாது.

கிளட்சைச் சோதிப்பது எளிது. கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்று. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தேய்ந்து விட்டது என்று பொருள். கருகிய வாடையும் வரும். பாரம் அடித்த வண்டிக்குக் கிளட்ச் மாற்றும் செலவு எப்படியும் வரும். அதை விலையில் கழித்துக் கொள்ளலாம். கியர்ப் பெட்டிக்கு அப்படிக் கழித்துக் கட்டுப்படியாகாது.

கொக்கியும் முன் அச்சும்

டிரெய்லர் பூட்டும் கொக்கியை ஒரு பார்வையில் விட்டுவிடக் கூடாது. அது பிடித்திருக்கும் பின் வீட்டின் போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா, வெல்டிங் வைத்து ஒட்டிய வடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பு இரும்பில் வைத்த வெல்டிங் பாரத்துக்கு நம்பகமில்லை. கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. இழுக்கும் இடம் உயர உயர, மேட்டில் முன் சக்கரம் தூக்கும். கொக்கி உடைந்து போன வண்டியில், கலப்பை மாட்டும் இரண்டு கைகளுக்கு நடுவே கம்பி போட்டு அதில் டிரெய்லரைப் பூட்டி, கைகளை உயர்த்தி இழுப்பதைச் சில இடங்களில் காணலாம். டிராக்டர் பின்னோக்கி மல்லாந்து ஓட்டுநரை நசுக்குவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கிங்பின் தேய்மானம் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அசையாமலே அது எவ்வளவு தூரம் சுழல்கிறது என்றும் பார்க்க வேண்டும். டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஹைட்ராலிக்கில் வெளியே ஆயில் எடுக்கும் இணைப்பு இருக்கிறதா, தூக்கிய பாரம் தானாக இறங்காமல் நிற்கிறதா என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

என்ஜினைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய், குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப்புகை நின்றபாடில்லை என்றால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலோ, ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ திரும்பி விடலாம். ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை மாற்ற முடியும்; கிளட்ச் மிதியின் தேய்மானத்தை மறைப்பது அவ்வளவு சுலபமல்ல.

எந்தக் கம்பெனி வண்டி என்பதில் அவரவர் விருப்பம் உண்டு. உதிரிப்பாகம் பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்பதே அளவுகோல். மாசே பெர்குசன், மகிந்திரா, சுவராஜ் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. எச்.எம்.டி. நிறுவனத்தின் பிஞ்சூர் டிராக்டர் தொழிற்சாலையை மூட மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது. அந்த வண்டி உறுதியானதுதான். ஆனால் மலிவாக வருகிறதென்று வாங்குமுன் மெக்கானிக்கைக் கேட்டுக் கொள்வது நல்லது.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால், தம் டிரெய்லரில் பாதிப் பாரம் ஏற்றி, தினமும் போய் வரவேண்டிய அதே தடத்தில், ஏற்றமும் இறக்கமும் உள்ள இடத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுமேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கில் நிற்கிறதா என்றும், மறுபடி உதறாமல் கிளம்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு இசையாத விற்பனைக்காரரிடம் நேரம் போக்க வேண்டியதில்லை.

காகிதங்கள்

டிராக்டர் ஒரு வண்டி, டிரெய்லர் வேறொரு வண்டி. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். காப்பீட்டிலும் டிரெய்லர் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். டிரெய்லரோடு சேர்த்து வாங்குகிறவர்கள் டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பிறகு அலைவது உண்டு. என்ஜின் எண், சேஸ் எண் இரண்டையும் வண்டியில் தேய்த்துப் பார்த்து ஒப்பிட வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் இந்தத் தேதி கடந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

டிரெய்லர் பூட்டியதனாலேயே டிராக்டர் ஓட்டும் உரிமம் செல்லாததாகி விடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் விவசாயத்துக்கெனப் பதிவான வண்டியில் செங்கலும் மணலும் வாடகைக்கு அடித்தாலும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றினாலும், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. நடவுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கி விட வேண்டும். வங்கிக் கடன் இருந்த வண்டியானால், கடன் தீர்ந்ததற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.