கைபேசியில் காட்டிய பணம் கல்லாவுக்கு வந்ததா?

நமது சங்க இதழில் விலைவாசி, ஜி.எஸ்.டி., உரிமம் புதுப்பித்தல் பற்றியெல்லாம் அவ்வப்போது எழுதி வருகிறோம். இந்த முறை கல்லாப்பெட்டியைப் பற்றி எழுதுகிறோம். காரணம், கல்லாப்பெட்டி இப்போது நம் மேசையில் இல்லை. வாடிக்கையாளர் சட்டைப் பையில் பாதியும், நம் சட்டைப் பையில் பாதியுமாக இருக்கிறது. அதற்குப் பூட்டு எது, சாவி எது என்பது நம்மில் பலருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

எளாவூர் பெரிய ஊர் அல்ல. ஆனால் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், சோதனைச் சாவடியோடு இருக்கும் ஊர். லாரி ஓட்டுநர்கள், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள் என்று பலதரப்பட்டவர்களும் வந்து போகும் இடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். முகம் தெரிந்தவருக்குக் கடன், தெரியாதவருக்கு ரொக்கம் என்பதே எங்கள் தகப்பனார் காலத்து விதி.

அந்த விதியை மாற்றியது 2016-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை கடையைத் திறந்துவிட்டு, வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு ஏப்ரலில்தான் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யு.பி.ஐ. முறையைத் தொடங்கியிருந்தது. அப்போது நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று அது இல்லாமல் கடை நடத்த முடியாது. நாடு முழுவதும் 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் இந்த வழியில் பணம் கைமாறியிருக்கிறது.

இதனால் நமக்கு நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது. கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. கொள்முதலுக்குப் பணப்பையை மடியில் கட்டிக்கொண்டு ரயில் ஏறும் கவலை போயிற்று. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் வந்த ஏற்பாடும் சிறு கடைகளுக்கு உதவியது. ஆனால் பழைய திருடன் ஓட்டைப் பிரித்து வந்தான்; புதிய திருடன் வாடிக்கையாளராகவே வருகிறான்.

எங்கள் கடையில் நடந்தது

ஒரு சனிக்கிழமை மாலை. சிப்காட்டில் சம்பள வாரம் என்பதால் கடையில் நல்ல கூட்டம். நாங்கள் உள்ளே கிடங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். கல்லாவில் எங்கள் தம்பி மகன், பத்தொன்பது வயதுப் பிள்ளை. கட்டட வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். 25 கிலோ அரிசி ஆறு மூட்டை, எண்ணெய் இரண்டு டின், துவரம் பருப்பு பதினைந்து கிலோ. மொத்தம் 13,750 ரூபாய். நம் அட்டையை செல்போனில் படம் பிடித்தார். பச்சை நிறத்தில் சரி என்ற குறி வந்தது. எங்கள் கடைப் பெயரும், தொகையும், நேரமும் அதில் தெளிவாக இருந்தன. “பாருங்க தம்பி, போயிடுச்சு” என்று காட்டினார். தம்பி மகன் தலையாட்டினான். சரக்கு ஆட்டோவில் ஏறிவிட்டது.

இரவு கணக்கு முடிக்கும்போது 13,750 இடித்தது. மறுநாள் ஞாயிறு, ஒரு நாள் தாமதமாக வரும் என்று இருந்தோம். திங்கட்கிழமை வங்கியில் கேட்டபோது, அப்படி ஒரு பணம் அனுப்பப்படவே இல்லை என்றார்கள். அந்த ஆள் காட்டியது ஜிபேயும் இல்லை, போன்பேயும் இல்லை. அவற்றைப் போலவே திரையில் படம் காட்டும் போலிச் செயலி. பெயரையும் தொகையையும் நாம் தட்டினால் போதும், பணம் போனதாக அது காட்டிவிடும்.

வெளியாருக்கு 13,750 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். அரிசி மூட்டைக்குச் செலவு போக 25 ரூபாய் நின்றால், இந்த நட்டத்தை ஈடுகட்ட 550 மூட்டை விற்க வேண்டும். அது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பி மகனைத் திட்டினோம். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். பிறகு யோசித்துப் பார்த்தபோது குற்றம் எங்களுடையது என்பது விளங்கியது. யாராவது காசோலை கொடுத்தால் அன்றே வரவு எழுதுவோமா? வங்கியில் ‘பாஸ்’ ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகுதானே எழுதுவோம்? நோட்டுக் கொடுத்தால் எண்ணாமல் பெட்டியில் போடுவோமா? இந்தப் பழக்கத்தையெல்லாம் எங்கள் தகப்பனார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். செல்போன் பணத்தை எண்ணிப் பார்ப்பது எப்படி என்று நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அவர் திரையில் தெரிவது அவர் சொல்லும் வாய்ச்சொல். நம் கணக்கில் ஏறுவதுதான் பணம். இந்த ஒன்றைக் கல்லாவில் உட்காரும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

அட்டையும் பின் நம்பரும்

இரண்டாவது ஆபத்து, நாம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர் அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வாடிக்கையாளர்கள் நேர்மையாகப் பணம் அனுப்பினார்கள். அது வேறொருவன் கணக்குக்குப் போனது. பெயர் மாறித் தெரிகிறதே என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் மருந்துக் கடைக்காரர் ஒருவருக்கு விஷயம் தெரிந்தது. இரவில் வெளியே தொங்கும் அட்டைக்கு எந்த ஊரிலும் இதுதான் நிலை. கடை சாத்தும்போது அட்டையை உள்ளே எடுத்து வைப்பதும், காலையில் நம் போனால் ஒருமுறை பிடித்து நம் பெயர் வருகிறதா என்று பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, தொலைபேசி ஆர்டர். “ராணுவ முகாமுக்கு இருபது மூட்டை அரிசி வேண்டும், முன்பணம் அனுப்புகிறோம்” என்று ஒரு குரல் பேசும். அடையாள அட்டை படம் வரும். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். “இதைப் பிடித்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும்” என்பார்கள். போட்டால் நம் பணம் போய்விடும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் நம்பர் கேட்டாலே நம் கையிலிருந்து பணம் போகப் போகிறது என்று பொருள். பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை வைத்து இதே ஏமாற்று அதிகம் நடந்ததால், தனிநபர்களுக்கு இடையிலான அத்தகைய கோரிக்கைகளை 2025 அக்டோபர் 1 முதல் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. கதவு ஒன்று அடைபட்டது. க்யூஆர் கோடு என்ற ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி விவரம் புதுப்பித்தல் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளும் அப்படித்தான். திறந்து நிறுவிவிட்டால் நமக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அவன் இருந்த இடத்திலிருந்தே படிக்க முடியும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது.

வந்த பணமும் வம்பாகலாம்

இதுவரை சொன்னது வராத பணத்தின் கதை. வந்த பணத்தாலும் தொல்லை உண்டு. எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் கணக்கு ஒருநாள் முடங்கிப்போனது. வேறு மாநிலக் காவல்துறையின் கோரிக்கை என்று மட்டும் வங்கியில் சொன்னார்கள். பிறகுதான் விவரம் தெரிந்தது. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில் 1,850 ரூபாய்க்கு ஒருவன் இவர் கடையில் மளிகை வாங்கியிருக்கிறான். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அத்தனையும் வரிசையாகப் பிடிக்கப்பட்டன. பணத்தைத் தேடிப் பிடிக்க அது தேவையான வழிதான். ஆனால் 1,850 ரூபாய்க்காக இவருடைய முழுக் கணக்கும் நின்றது. அரிசி ஆலைக்குக் கொடுத்த காசோலை திரும்பியது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை. ஐந்து வாரம் அலைந்தார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு பில் புத்தகம். தேதி, பொருள், தொகை, பணம் வந்த பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் எல்லாம் அதில் இருந்தன. சரக்குக் கொடுத்துத்தான் பணம் வாங்கினேன் என்று அவரால் காட்ட முடிந்தது. பில் போடாத கடைக்காரர் எதைக் காட்டுவார்? இதில் நமக்கு உதவும் தீர்ப்பும் உண்டு. விசாரணையின் பெயரில் தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கக் கூடாது, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விடலாம் என்ற கருத்தில் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. கணக்கு முடங்கினால் பதறாமல், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, தொகை எவ்வளவு என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பில் நகலோடு மனு கொடுத்து, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைக்கக் கோரலாம்.

நம் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பிறர் செய்த மோசடியாக இருந்து, வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் தெரிவித்தால் நமக்கு நட்டப் பொறுப்பு இல்லை என்று வகுத்தது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் நம் பங்கும் உண்டு. ஆனால் பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் நம் தலையில்தான் விடியும்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது

1. கல்லாவில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது கடைப் போனில் வரவு தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சரக்கு நகராது. கூட்டம் இருந்தாலும் சரி, தெரிந்த முகமானாலும் சரி.

2. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. கடைக்கு வரவு வாங்கும் கணக்கு தனி, வீட்டுக் கணக்கு தனி. அன்றாட வரவை மாலையில் கொள்முதல் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம்.

3. 2,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு அவசரமானாலும் பில். பணம் வந்த குறிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பில்லில் எழுதப்படும்.

4. “தெரியாமல் அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்றால், முதலில் நம் கணக்கில் பார்ப்போம். உண்மையாகவே வந்திருந்தால், அவர் வங்கி மூலம் கேட்கட்டும் என்று சொல்லிவிடுவோம்.

5. கையில் கொஞ்சம் ரொக்கமும் சில்லறையும் எப்போதும் உண்டு. 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைபட்டபோது அந்தச் சில்லறைதான் கடையை நடத்தியது.

கடைசியாக ஒன்று. எங்கள் கடையில் நடந்ததை முதலில் வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம். இத்தனை வருட அனுபவம் இருந்தும் ஏமாந்துவிட்டார்களே என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து டீக்கடையில் வாய்தவறிச் சொன்னபோது, இதே சாலையில் மூன்று கடைக்காரர்கள் “எங்களிடமும் அப்படித்தான்” என்றார்கள். அதே ஆள், அதே ஒப்பந்தக்காரர் கதை. ஒருவரிடம் நடந்தது எங்களுக்கு இரண்டு வாரம் முன்பு. அவரும் வெட்கப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் சொல்லியிருந்தால் எங்கள் சரக்கு போயிருக்காது. நாங்கள் உடனே சொல்லியிருந்தால் எங்களுக்குப் பிறகு ஏமாந்தவர் தப்பியிருப்பார்.

முன்பெல்லாம் கள்ள நோட்டு ஒன்று சிக்கினால் அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் இப்போது இன்னும் அதிகமாகத் தேவை. ஒவ்வொரு கிளையிலும் மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, ஏமாந்தவர் பெயர் கேட்காமல் ஏமாற்றிய விதத்தை மட்டும் பேசலாம். கல்லாவில் உட்காரும் பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து வர வேண்டும். எங்கள் தம்பி மகன் முதல் ஆளாக எழுந்து தன் அனுபவத்தைச் சொல்லச் சம்மதித்திருக்கிறான். இப்போது கல்லாவில் அவன்தான் எங்களைவிடக் கறாராக இருக்கிறான்.