பெயர்ப் பலகை இல்லாத ஜன்னல்

அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. விதிப் புத்தகத்தில் ஒரு முறை இருக்கும். காரியம் நடப்பது வேறு முறையில். மூன்றாவது ஜன்னலுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனால் மனுவை அங்கே கொடுத்தால் அன்றைக்கே பதில் வரும். பழைய குமாஸ்தாவுக்குத்தான் அது தெரியும். கணினி உலகிலும் இத்தகைய ஜன்னல்கள் உண்டு.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'ஸ்டீம்', கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் கேட்டு விவரம் பெறும் வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். ஸ்டீமில் இது இரண்டு வகை. ஒன்றுக்கு நிறுவனமே விளக்கம் வெளியிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை கேட்கலாம் என்று நிபந்தனையும் விதித்திருக்கிறது. மற்றது, கடை தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது. அதற்கு விளக்கம் எதுவும் கிடையாது.

அந்த விளக்கத்தை எழுதியவர்கள் சம்பளம் வாங்காத பயனர்கள். கடைப் பக்கம் திறக்கும்போது அது பின்னணியில் என்னென்ன கேட்கிறது என்பதைப் பிரவுசரிலேயே பார்க்கலாம். அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, ஒரு சொல்லை மாற்றி மறுபடியும் கேட்டு, பதில் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள்.

'ஆப்டீடெய்ல்ஸ்' என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் எண்ணைக் கொடுத்தால் விவரம் வரும். 'டோட்டா 2'-க்கு எண் 570. இந்தியாவின் குறியீட்டையும் சேர்த்தால் விலை ரூபாயில் வரும். ஆனால் கணக்கு பைசாவில்! 1,499 ரூபாய் விளையாட்டுக்கு 149900 என்று பதில் வந்தால் புதியவர் திகைக்கத்தான் செய்வார். பல விளையாட்டுகளைச் சேர்த்துக் கேட்டால் பதில் வராது. விலை மட்டும் போதும் என்று கேட்டால் வரும். 5 நிமிடத்துக்குச் சுமார் 200 தடவைக்கு மேல் கேட்டால் கதவு சாத்தப்படும் என்பதும் அனுபவத்தில் கண்டதே. 'டீம் ஃபோர்ட்ரஸ்' விளையாட்டின் விக்கியில் ஒரு பயனர் தம் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகளே பலருக்குக் கையேடாக இருந்திருக்கின்றன.

ஆனால் இந்த ஜன்னல் நாளையும் திறந்திருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பலகை மாட்டிய ஜன்னலின் கதையையே பாருங்கள். செர்கேய் கல்யோன்கின் என்பவர் 2015-ல் 'ஸ்டீம் ஸ்பை' தொடங்கினார். யார் யாரிடம் எந்தெந்த விளையாட்டு இருக்கிறது என்று மாதிரி எடுத்து, விற்பனையை மதிப்பிட்டார். சிறு தயாரிப்பாளர்களுக்குச் சந்தை நிலவரம் தெரிய அது உதவிற்று. 2018 ஏப்ரலில் வால்வ், பயனர்களின் விளையாட்டுப் பட்டியலை மறைத்து வைப்பதையே வழக்கமாக்கியது. பயனரின் அந்தரங்கத்துக்கு அது நல்லதுதான். ஸ்டீம் ஸ்பையின் முறையோ ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. பின்னர் வேறு வழியில்தான் அவர் கணக்கிட வேண்டியதாயிற்று.

அனுபவசாலிகள் ஒன்று செய்வார்கள். பதில் வராத நாளில் பழைய விலையைக் காட்டி, அது எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே போடும்படி நிரலை எழுதி வைத்துவிடுவார்கள்.