இருபத்தொன்றின் எல்லை

மலாயாவின் அவசரகாலத்தில் புதுக்கிராமமாக எழுந்த பண்டமாரானில் சீனப் புத்தாண்டு தினங்களில் வீடுகளில் ஆடப்படும் 'பான் லக்' என்னும் சீட்டாட்டமும், 1971-இல் திறக்கப்பட்ட கெந்திங் மலை விடுதியின் சூதாட்டக் கூடத்தில் ஆடப்படும் 'பிளாக்ஜாக்'கும், கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐக் கடவாமல் அதனை இயன்றவரை நெருங்கவேண்டும் என்ற ஒரே விதியில் வேரூன்றியவை.

படச்சீட்டு ஒவ்வொன்றும் பத்து. பிளாக்ஜாக்கில் ஏஸ், சந்தர்ப்பத்திற்கேற்ப, ஒன்று அல்லது பதினொன்று. அதில் முதலிரு சீட்டுகளில் ஏஸும் பத்தும் சேர்ந்துவிட்டால் அதுவே உத்தமமான கை. ஆட்டக்காரர் மேலும் சீட்டுக் கேட்கலாம், போதுமென்றும் நிறுத்தலாம். கூடத்தின் பேங்கரோ 17-ஐ எட்டும்வரை எடுத்தே தீரவேண்டும்.

ஆயினும் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. பிளாக்ஜாக்கில் ஆட்டக்காரர் முன்னதாக ஆடுகிறார். ஆகையால் 21-ஐத் தாண்டிய கணமே பணயம் போய்விடுகிறது, பின்னர் பேங்கரும் தாண்டினாலும் அது மீள்வதில்லை. கூடத்தின் லாபத்திற்குப் பிரதான காரணம் இதுவே. பான் லக்கில், பல வீடுகளில், இருவரும் தாண்டினால் சமநிலை. ஐந்து சீட்டு எடுத்தும் தாண்டாதவருக்கு இரட்டிப்பு. இரண்டு ஏஸ் வந்தால் மும்மடங்கு. உற்றார் நடுவே சில்லறைக் காசுக்கு ஆடுவதற்கு இந்தத் தாராளமே உசிதமென்பது என் அபிப்பிராயம். விதிகள் வீட்டுக்கு வீடு மாறுவதால், எத்தனை புள்ளிக்குக் கீழ் நிறுத்தக்கூடாது என்பதைச் சீட்டுக் கலைக்குமுன்பே கேட்டுக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் அது 16.