உங்களுக்குத் தெரியுமா? புயல் கூரையைத் தள்ளுவதில்லை, இழுக்கிறது

கூரைமேல் விரைந்தோடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து ஓடுகளை மேல்நோக்கி இழுக்கிறது. இழுப்பு கடுமையாவது ஓரங்களிலும் மூலைகளிலும்தான். அமெரிக்க வீடுகளின் தார் ஷிங்கிள் ஓடுகள் பெரும்பாலும் அங்கிருந்தே பெயரத் தொடங்குகின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் விசையோ நான்கு மடங்கு. அப்படியானால் ஆணியைக் கூட்டினால் போதாதா? ஓரளவு உதவும். பலத்த காற்றடிக்கும் பகுதிகளில் ஓடு ஒன்றுக்கு வழக்கமான 4 ஆணிக்குப் பதில் 6 அடிக்கிறார்கள். ஆனால் ஆணி இறங்குவது ஓட்டின் நடுவாக்கில். கீழ் விளிம்பைப் பிடித்திருப்பது வெயிலில் இளகி ஒட்டும் ஒரு மெல்லிய பசைப்பட்டை மட்டுமே. நாளாக ஆக அது விட்டுப்போகும், தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. விளிம்பு ஒருமுறை படபடக்கத் தொடங்கினால் ஓடு ஆணியடித்த இடத்திலேயே கிழிந்துகொண்டு போகும்.

கனமான ஓடு போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். 1992 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் சிமென்ட் ஓடுகளும்தான் பறந்தன. காரையின் பிடி பல வீடுகளில் விட்டுப்போயிருந்தது. எடை அல்ல, ஒட்டுதான் கூரையைக் காக்கிறது. தளர்ந்த விளிம்பைப் புயல் பருவத்துக்கு முன்பே கண்டு, அடியில் நாணய அளவுக்குத் தார்ப்பசை வைத்து அழுத்திவிடுவது புதுக்கூரையைவிட மலிவு.