முதுகு வலியும் சுற்றியிருப்பவர்களும்

தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி புடவை எடுத்துப்போடும் பெண்களுக்கு, கூட்டம் குறைந்த நேரத்திலும் உட்கார இடமில்லை என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 2021-இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. நாற்காலி வந்தால் போதுமா? அதில் உட்காரும்போது சூப்பர்வைசர் முறைக்காமலும் இருக்க வேண்டும். முதுகு வலியின் அறிவியலும் இதைத்தான் சொல்கிறது: சுற்றியிருப்பவர்களின் நடத்தையும் முக்கியம்.

2020-இல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. பெரும்பாலோருக்கு இன்ன டிஸ்க், இன்ன எலும்பு என்று காரணம் காட்ட முடிவதில்லை. ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். மூன்று மாதம் தாண்டிய வலியில் நரம்பு மண்டலத்தின் பதற்றமும் சேர்ந்துகொள்ளக்கூடும். தூக்கம், பயம், உடனிருப்பவர்கள் என எல்லாமே வலியைக் கூட்டும், குறைக்கும்.

2006-இல் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், மின்அதிர்ச்சியை எதிர்பார்த்திருந்த பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தனர். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பரபரப்பு குறைந்தது. தாம்பத்தியம் நிறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் குறைந்தது.

ஆனால், எல்லாப் பரிவும் மருந்தாகாது. ஜெர்மனியில் உளவியலாளர் ஹெர்டா ஃப்ளோர் குழு 2002-இல் கண்டது வேறு. வலி என்றதும் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொள்ளும் துணை அருகில் இருந்தபோது, நாள்பட்ட முதுகு வலிக்காரர்களின் மூளை வலித் தூண்டலுக்குக் கூடுதலாகவே எதிர்வினை காட்டியது.

மயிலாப்பூர் வீடுகளில் இது தினசரிக் காட்சி. “நீங்க குனியாதீங்க, நான் எடுத்துக்கறேன்” என்பாள் மருமகள். காபி டபரா கட்டிலுக்கே வரும். அன்பில் குறையில்லை. ஆனால் அசைவு குறையக் குறையத் தசை தளர்கிறது, குனிந்தால் ஆபத்து என்ற பயம் வேரூன்றுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கம், உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மற்றபடி, வலிப்பவருக்கு வீட்டார் செய்ய வேண்டியவை இரண்டு. வலிக்கிறது என்றால் நம்புங்கள். நம்பிய கையோடு, “வாங்கப்பா, நாகேஸ்வர ராவ் பூங்கா வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். கடை முதலாளிகளுக்கும் ஒன்று உண்டு: ஊழியர் உட்காருவதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அது அவர்களுடைய சட்டப்படியான உரிமை.